சட்டைப்பையில் கிடந்த மாத்திரை

என் லாரி ராசாவுக்கு,

நேர்ல பேசினா ரேடியோ சத்தத்தைக் கூட்டிடுவீங்க. அதான் எழுதி உங்க சட்டைப்பையில வெச்சிருக்கேன்.

துவைக்கப் போட்ட வேலைச் சட்டையில ஒரு குட்டி மாத்திரை கிடந்துச்சு. "தலைவலி மாத்திரைதான் அண்ணி, நீங்களே போட்டுக்கோங்க"ன்னா உங்க தங்கச்சி. அவ பேச்சைக் கேட்டு உங்களைக் கட்டிக்கிட்டதே போதும்னு, காகிதத்துல மடிச்சு மருந்துக் கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரம்மா அதுல பொறிச்சிருந்த எழுத்தை உத்துப் பார்த்து, கம்ப்யூட்டர்ல தட்டித் தேடினாங்க. "இது இதயத்துக்குக் கொடுக்கிறது. வேற யாரும் வாயில வெச்சிடாதீங்க"ன்னாங்க.

படியேறினா மூச்சு வாங்கினதுக்கு வெயிலைத் திட்டினீங்களே, பாவம் அந்த வெயில்.

எனக்குத் தெரியாம டாக்டர்கிட்ட போனீங்க, சரி. மாத்திரை பையில கிடந்தா வயித்துக்குள்ள போகலைன்னுதானே அர்த்தம்? நெஞ்சுவலி உங்களுக்கா, சட்டைக்கா?

அடுத்த லோடுக்கு நானும் ஏறுறேன். முதலாளிகிட்ட சொல்லியாச்சு. "லாரியில உனக்கென்னம்மா வேலை?"ன்னார். "மாத்திரை கொடுக்கிற வேலை"ன்னேன்.

வேணாம்னு தலையாட்டாதீங்க. நீங்க சாகுறதுக்கு நான் சம்மதிக்கலை.

இப்படிக்கு,
இனிமே உங்க பக்கத்து சீட்டுக்காரி