மாப்பிள்ளை பெயருக்குக் கீழே என்ன போடுவது

அன்பு மகள் நர்மதாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், வாய்ச்சண்டைக்கும் குறைவில்லை. ஜெர்மனிக் குளிரில் நீயும் லூக்காசும் சுகமாக இருக்க வேண்டும். சண்டை உன் கல்யாணப் பத்திரிகையால்தான். மண்டபம் பிடித்து இருபது நாளாகியும் அச்சுக்குப் போகவில்லை, மாப்பிள்ளை பெயருக்குக் கீழே உத்தியோகம் இல்லாத பத்திரிகையை நம் சனத்தில் எவன் கையில் வாங்குவான் என்று உன் அப்பா ஒரே பிடியாக நிற்கிறார். சர்ச் முதியோர் இல்லத்தில் டியகோன் என்று நீ சொன்னாயே, அது தாசில்தாருக்கு மேலயா கீழயாங்கிறார். ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் விசாரித்தால் திருத்தொண்டர் என்றார்களாம், நம்மூர்ல கொடி புடிக்கிறவனெல்லாம் தொண்டன்தானே, வேணாம்னுட்டார். தபால்காரர் மணிமாறன் தன் பைபிளைப் புரட்டி உதவிக்காரர் என்று காட்ட, எடுபிடிக்கா பொண்ணு கொடுக்கிறோம்னு உன் அப்பா என்மேல் பாய்ந்தார். ஆஸ்பத்திரியில் மலையாள நர்ஸ் செம்மாசன் என்றதும் முகம் மலர்ந்தது, அதற்கும் பணிவிடை செய்பவர் என்றுதான் அர்த்தமாம், மலர்ந்தது சுருங்கிவிட்டது. கடைசியில் உன் சித்தி மகள் கலையரசி போனில் தேடி, மூலம் கிரேக்கமாம் பெரியப்பா, பந்தியில பரிமாறுறவர்னு அர்த்தமாம் என்றாள். அவ்வளவுதான், மத்தியானச் சோறு வேண்டாமென்று படுத்துவிட்டார்.

எனக்கோ சிரிப்பு தாங்கவில்லை. போன தையில் ஆண்டிமடத்தில் சித்தி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் லூக்காஸ் வேட்டியை மடித்துக் கட்டிச் சாம்பார் வாளியைத் தூக்கினாரே! கடைசிப் பந்தியில் பாத்திரம் கழுவ வந்த பூங்காவனத்துக்குக்கூட அப்பளம் வேணுமா என்று கேட்டுக் கேட்டு வைத்தாரே. முப்பத்திரண்டு வருஷத்தில் உன் அப்பா எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததில்லை. நீ நல்ல இடத்துக்குத்தான் போகிறாய் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. முந்தாநாள் நானே பஸ் ஏறி அரியலூர் அச்சகத்துக்குப் போய், லூக்காஸ், திருத்தொண்டர், ஜெர்மனி என்று போடச் சொன்னேன். உங்க வீட்டு சார் பேருக்குக் கீழே பெருநிலக்கிழார்னு போடலாமாம்மா என்றார் அச்சகத்துக்காரர். ஒண்ணும் போடாதீங்க, அவர் இன்னும் ஒரு பந்தியும் பரிமாறலைன்னுட்டு வந்தேன். அச்சான தாளைப் பார்த்து, தன் பேருக்குக் கீழே ஏன் ஒன்றுமில்லை என்று நேற்று உன் அப்பா கேட்டார், அச்சகத்தில் சொன்னதையே சொன்னேன். இன்று காலை நான் கேட்காமலே டம்ளர் தண்ணீரோடு வந்து நின்றார், பாதி தரையில் சிந்தியாகிவிட்டது. கல்யாணத்தன்னிக்கு எனக்கும் ஒரு வாளி குடுக்கச் சொல்லு, ரசமாவது ஊத்துறேங்கிறார்.

வரும்போது லூக்காசை வேட்டிக்கு பெல்ட் போட்டுக்கொள்ளச் சொல், போன தடவை வாளியோடு வேட்டியும் இறங்கப் பார்த்தது. கலியுக வரதராசப் பெருமாள் உங்கள் இருவரையும் நிறைவாக வைத்திருக்கட்டும் கண்ணு.

தண்ணீர் குடித்த தெம்பில் எழுதும்
உன் அம்மா ஜெயலட்சுமி
கல்லங்குறிச்சி