துணியால் அரித்த கல்தூள்

மச்சான்,

இன்று காலை பிட்டுக்கு மா அரிக்கவென்று என் மனைவி குசினிச் சுவரில் தொங்கிய பழைய அரிதட்டை எடுத்துத் தட்டினாள். சாம்பல் நிறத் தூசு எழும்பியது. "வை அதை!" என்று கத்திவிட்டேன். "ஏன் இப்பிடிப் பாயிறீங்க? தூசுதானே?" என்றாள். தூசுதான். நீ போய் ஒரு வருடமாகியும் அரிதட்டின் விளிம்பை விட்டு அது போகவில்லை.

கிண்ணியாவில் என் வளவு வெறும் மணல் என்பது உனக்குத் தெரியும். கடையில் உரம் கிடைக்காமல் போன காலத்தில் நீதான் வழி சொன்னாய். கந்தளாய்ப் பக்கம் கல் உடைக்கும் குவாரியில் உனக்கு வேலை. "கல்தூள் சும்மா குவிஞ்சு கிடக்கு மச்சான். மாட்டெருவோட கலந்து போடு. மண்ணுக்கும் உப்புப் புளி வேணும்தானே." அதன்பின் லீவு நாட்களில் உன் மோட்டார் சைக்கிளில் மூட்டை மூட்டையாக வந்தது.

எனக்கு அது போதவில்லை. எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டேன் என்று பெருமையடிப்பவன் நான். தூள் மாப்போல எவ்வளவு நயமோ அவ்வளவு கெதியாக மண்ணில் சேரும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அரிதட்டில் மெல்லிய துணி கட்டினேன். முழங்கால் வலியால் எனக்குக் குந்த ஏலாது. அதனால் அரித்தது நீ. நான் கதிரையில் இருந்து பிளேன்டி குடித்துக்கொண்டு, "இன்னும் நயமா, இன்னும் நயமா" என்றேன். உன் இமை மயிரெல்லாம் வெளுத்திருந்தது. கிழவனாகிவிட்டாய் என்று சிரித்தேன்.

ஒருநாள் இருமி இருமி எழும்பினாய். "கொஞ்சம் தண்ணி தெளிச்சிட்டு அரிப்பமா?"

"ஈரம் பட்டா கட்டியாகும். துணியால இறங்காது."

"கட்டியானா என்ன? மண்ணுக்கு என்ன அவசரம்?"

"சொன்னதச் செய்டா."

"சரி, உன்ட தோட்டம், உன்ட சட்டம்" என்று சிரித்துவிட்டுத் திரும்பவும் குந்தினாய்.

பிறகு ஆஸ்பத்திரி. உன் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி டொக்டர் கேட்டார்: "குவாரி தவிர வேற எங்கயும் தூசுக்குள்ள வேலை செய்தீங்களா?" நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். "இல்லை டொக்டர்" என்றாய், என் பக்கம் திரும்பாமலே. நான் டொக்டர் நீட்டிய மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டேன்.

குவாரியில் நீ விழுங்கியது பல வருடத் தூசு. என் வளவில் விழுங்கியது எவ்வளவு என்று எந்தப் படத்திலும் தெரியாது. மையவாடியில் மூன்று பிடி மண்ணையும் தூசு எழும்பாமல் மெல்லப் போட்டதைக் கண்டவர்கள் பாசம் என்று நினைத்தார்கள். அது பயம். நான் உன்னைக் கொன்றேனா மச்சான்? இதை உன்னிடம்தான் கேட்க வேண்டும். நீயோ "இல்லை டொக்டர்" என்று அன்றைக்கே கதையை முடித்துவிட்டாய்.

நீ கொண்டுவந்த கடைசி மூட்டை அரிக்காமல் வீட்டின் பின்கோடியில் கிடந்தது. மாரிக்கு முன் அதன்மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். கட்டியானது. மண்வெட்டியால் கொத்தி, எருவோடு கிணற்றடிப் பாத்தியில் போட்டேன். மழைக்கு எல்லாம் கரைந்துபோயிற்று.

இன்று அரிதட்டைப் பறித்துக்கொண்டு வளவுக்குள் வந்தவன், உன் மனைவிக்குக் கொடுத்தனுப்பக் கத்தரிக்காய் பிடுங்கினேன். நீ அரித்த தூள் போட்ட பாத்தியில் பாதி, கட்டி போட்ட பாத்தியில் பாதி. ஒரே நிறம், ஒரே பருமன். பைக்குள் போட்ட பிறகு பார்த்தேன். எது எந்தப் பாத்திக் காய் என்று எனக்கே தெரியவில்லை, மச்சான்.