கொழுத்த குட்டிகள்

மச்சான்,

இன்று காலை கொட்டகைக் கதவைத் திறந்ததும் அந்த வாடை. புளித்த பாலும் கழிச்சலும் கலந்த வாடை. பால் மறக்கடித்த குட்டிகளில் மூன்று கழிகின்றன. வெளியே ஓடிவந்து வாந்தி எடுத்தேன். இத்தனை வருஷம் பன்னி வளர்த்தவனுக்கு வாடை புதிதா? உன் ஞாபகம்தான். தீவனத்தை நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

பொம்மிடியில் நாம் கூட்டாகப் போட்ட கொட்டகை. அந்த முதல் வருஷம், தாய்ப்பன்னிகள் சீக்கிரம் அடுத்த ஈற்றுக்குத் தயாராகட்டும் என்று குட்டிகளை முன்கூட்டியே பிரித்தது நான். அவை தாயைத் தேடிக் கத்தக்கூடாதென்று தொப்பூர்ச் சாலை ஓட்டல்களின் மிச்சச் சோற்றை இரண்டு பங்காகக் கொட்டியதும் நான். வயிறு நிறைந்தால் மறந்துவிடும் என்று நினைத்தேன், மடையன்.

மூன்றாம் நாள் ஏழு குட்டிகள் மஞ்சள் தண்ணீராகக் கழிந்தன. கண் குழிந்து, முதுகெலும்பு துருத்தி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து நடுங்கின. மற்றவை கொழுகொழுவென்று தொட்டியில் மூக்கைப் புதைத்திருந்தன. இவற்றால் அவையும் கெடும் என்று இரும்புக் குழாயை எடுத்தேன். முதல் குட்டி ஒரே அடியில் போனது. இரண்டாவது போகவில்லை. மண்டை பிளந்து, ரத்தத்தில் காலை உதைத்துக்கொண்டு வீறிட்டது. மறுபடி அடித்தேன். மூன்றாவதற்கு ஓங்கியபோது நீ அதன்மேல் கவிழ்ந்தாய். ஓங்கிய கை நிற்கவில்லை. உன் முழங்கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"அது ஒடம்பு கிருமியோட சண்ட போடுதுடா. கழிச்சு வெளிய தள்ளுது. நீ எதுக்குடா நடுவுல பூந்து அடிக்கற?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாய். நான் உன் அம்மாவை இழுத்துத் திட்டினேன். நீ ஒற்றைக் கையாலேயே உப்பும் சர்க்கரையும் கரைத்துக் குட்டிகளுக்குப் புகட்டினாய்.

மறுநாள் விழுந்தவை கொழுத்த குட்டிகள். இமை வீங்கிக் கண் மூடிப்போனது. குரல் கம்மி, குடிகாரன்போலத் தள்ளாடி, சரிந்து விழுந்து காற்றை உதைத்தே செத்தன. பதினொன்று. கால்நடை மருத்துவர் ஒன்றை அறுத்துக் காட்டினார். இரைப்பை நிறையச் சோறு. அதன் சுவர் நீர் கோத்து விரல் தடிமனுக்கு வீங்கியிருந்தது.

"திடீர்னு பால நிறுத்தி இவ்ளோ தீனி போட்டா குடல்ல கிருமி பெருகிடுங்க. அதோட விஷம் ரத்தத்துல ஏறிடுச்சு," என்றார்.

கழிந்து கிடந்தவற்றில் மிஞ்சிய ஐந்தில் நான்கு பிழைத்தன. நான் கொன்ற இரண்டும் பிழைத்திருக்கக்கூடும்.

உன் கை சரியாகக் கூடவே இல்லை. மாதா கோயிலில் சிலுவை அடையாளம் போட, மடங்காத கையிடம் நெற்றியைக் குனிந்து கொண்டுபோவாய். பின்வரிசையில் நின்று அதைப் பார்ப்பேன். ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை.

உன்னை அடக்கம் செய்த அன்று, உன் மனைவி எனக்குக் காபி கொண்டுவந்தாள்.

"அண்ணா, அவரு கைய முட்டி ஒடச்ச அந்தத் தாய்ப்பன்னி இன்னும் இருக்குதுங்களா? வூட்டுல எத்தன தடவ கேட்டாலும், பாவம், அது தெரியாம பண்ணிடுச்சுன்னுதான் சொல்வாரு."

வீட்டில் நீ என்ன சொல்லி வைத்திருந்தாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"இருக்குதும்மா," என்றேன்.

உண்மையை இன்னும் அவளிடம் சொல்லவில்லை, மச்சான்.