உள்ளே போன புரதம்

அன்பிற்குரிய கணவருக்கு,

ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவியவாறே நான் கற்றுக்கொண்ட ஒன்றைத் தங்களுக்குத் தெரிவிக்கிறேன். கூட்டத்தைவிட்டுப் பிரியப் போகும் செல், பக்கத்துச் செல்லைக் கைபோலப் பற்றியிருக்கும் தன் புரதங்களைச் சத்தமில்லாமல் உள்ளே இழுத்துக்கொள்கிறது.

சென்ற வாரம் அலமாரியின் மேல்தட்டிலிருந்து தங்கள் சான்றிதழ்கள் மறைந்தன, நேற்றுக் கடவுச்சீட்டு. கேட்டதற்கு, "எதுக்கெடுத்தாலும் மைக்ராஸ்கோப்ப வெச்சுப் பாக்காத, தாயே!" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்துவைத்தேன்.

இன்று அவற்றைத் தங்கள் பயணப்பையில் கண்டேன். எதையும் எடுக்கவில்லை, இக்கடிதத்தை மட்டும் அவற்றின்மேல் வைக்கிறேன்.

உள்ளே போன புரதத்தைச் செல் சில வேளை சிதைத்துவிடும். சில வேளை பழைய இடத்திற்கே திருப்பி அனுப்பும்.

மேல்தட்டைத் துடைத்து வைத்திருக்கிறேன். மாலை நான் திரும்பும்போது அது நிறைந்திருக்குமானால், எதுவும் கேட்க மாட்டேன்.

இங்ஙனம்,
தன் கையை இன்னும் உள்ளே இழுத்துக்கொள்ளாத
தங்கள் மனைவி