உதடு ஒட்டும் வார்த்தை

நேற்று டப்பிங் அறையில் ஹெட்போனை மாட்டியதும் முதலில் உன் மூச்சுதான் கேட்டது. வசனத்துக்கு முன்னால் மூக்கை ஒரு தடவை உறிஞ்சுவாயே, அது. பின்னாலேயே லாரி ஹாரன். அந்த இரைச்சலுக்குள் எங்கேயோ உன் குரல். நான் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டேன். "என்னம்மா, சவுண்ட் ஜாஸ்தியா இருக்கா?" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டைரக்டர் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அறை என்று பெருமையாகச் சொல்கிறேன். ஓசூரில் கல்யாண வீடியோ எடுக்கிறவரின் கடைக்கு மேல்மாடி, சத்தம் அடங்க சுவர் முழுக்க முட்டை அட்டை. நாம் நடித்த படத்துக்கு அவ்வளவுதான் வசதி. குருபரப்பள்ளி ரோட்டோரம் எடுத்த காட்சிகளில் வண்டிச் சத்தம் ஏறிக்கிடந்ததால் வசனத்தையெல்லாம் திரும்பப் பேச வேண்டியிருந்தது. நீயோ போய்ச் சேர்ந்துவிட்டாய். "உங்க ரெண்டு பேர் குரலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அவளுக்கும் நீயே பேசிடும்மா" என்று டைரக்டர் போனில் சொன்னபோது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! செத்தவள் வாயில் நான் எப்படிப் பேசுவது? ஆனால் மாட்டேன் என்றால் வேறு எவளையாவது கூப்பிடுவார். யாரோ ஒருத்தியின் குரல் உன் வாயிலிருந்து வருவதை நினைத்துப் பார்த்தேன். லீவு சொல்லிவிட்டு நானே கிளம்பினேன்.

நம்மை ஒன்று என்று முதலில் சொன்னது சினிமாக்காரர்கள் இல்லை, நம் கம்பெனி சூப்பர்வைசர். தொப்பி, மாஸ்க், நீலக் கோட்டு போட்டுவிட்டால் அந்த மனுஷருக்கு நீ யார், நான் யார் என்று தெரியாது. நீ செய்த தப்புக்கெல்லாம் என்னைத்தான் திட்டுவார். நீ பக்கத்தில் நின்று பாவமாக முகத்தை வைத்துக்கொள்வாய், துரோகி. ஒட்டிப் பிறந்த அக்கா தங்கை கதைக்கு ஒரே உயரத்தில் இரண்டு பெண்கள் வேண்டும் என்று அந்த டைரக்டர் தேடி வந்தபோது, நம் லைனில் வேலை செய்கிற எல்லோரும் நம்மைத்தான் கைகாட்டினார்கள். "நடிக்கத் தெரியாதே சார்" என்றேன் நான். "கம்பெனி பஸ்ல தெனமும் ஒட்டிக்கிட்டுத்தானே வர்றோம், அதையே பண்ணிரலாம் வாடி" என்றாய் நீ.

அது அவ்வளவு லேசாக இல்லை. இருவர் இடுப்பையும் சேர்த்து அகலமான பெல்ட், அதன்மேல் இருவருக்குமாக ஒரே பாவாடை. முதல் நாள் நான் வலது காலை எடுத்து வைக்க, நீயும் வலது காலை எடுத்து வைக்க, இரண்டு பேரும் முள்வேலியில் போய் விழுந்தோம். "அய்யோ தேவ்ரே!" என்று உன் கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டுக் கத்திவிட்டு, எழுந்திருக்கக்கூட முடியாமல் கிடந்து சிரித்தாய். உனக்கு அரித்தால் நான் சொறிந்துவிட்டேன். எனக்குத் தும்மல் வந்தால் நீ குலுங்கினாய். ஆனால் அத்தனை நாளும் உன் முகத்தை மட்டும் நான் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒட்டி நிற்கிறவளின் முகம் எப்படித் தெரியும்? எல்லாக் காட்சியிலும் நாம் எதிரே இருக்கிறவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கதையில் தங்கையான உனக்கு ஒரு காதலன், ரோஜாப்பூ லாரி டிரைவர். பெங்களூருக்குப் போய் ஆபரேஷன் செய்து பிரித்துவிடலாம், உன்னைக் கட்டிக்கொள்கிறேன் என்பான். பிரித்தால் அக்கா பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிடுவார். உனக்குச் சொல்கிறேன், நடிப்புதான் என்று தெரிந்தும் எனக்கு அந்தப் பையன் மேல் நிஜமாகவே எரிச்சல் இருந்தது. அவன் உன் கையைப் பிடிக்கும்போதெல்லாம் என் பக்கத்து இடுப்புதானே ஆடியது.

கடைசியில் நீ அவனிடம் சொல்ல வேண்டியது ஒரே வசனம். "நாங்க சேர்ந்தே இருந்துக்கறோம். நீ போ." நீ ஒவ்வொரு தடவையும் "நாம சேர்ந்தே இருந்துக்கறோம்" என்றாய். டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "நாமன்னா அவனும் சேர்ந்துக்குவாம்மா! அவனைத்தானே போகச் சொல்ற? நாங்கன்னு சொல்லு!" நீ தளிப் பக்கத்துக்காரி, வீட்டில் கன்னடம். "எங்க பாஷையில நாமன்னாலும் நாங்கன்னாலும் 'நாவு'ங்கற ஒரே வார்த்தைதான் சார். ஒருத்தர வெளிய நிறுத்திட்டுப் பேசறதுக்குன்னு தனி வார்த்தை எங்களுக்குக் கிடையாது" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்ததால், டப்பிங்கில் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

படம் முடிந்ததும் நம்மை வேறு வேறு ஷிப்டில் போட்டார்கள். நைட் ஷிப்ட் முடிந்து காலையில் நீ பஸ்ஸைவிட்டு இறங்கி ரோட்டைக் கடந்தபோது, எதிர்ப்பக்கம் நான் என் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாய். உன்னை இடித்த கார்க்காரன் நிற்கக்கூட இல்லை. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

நேற்று திரையில் அந்த வசனம் வந்தது. "நாங்கன்னு மாத்திப் பேசிடும்மா, யாருக்கும் தெரியாது" என்றார் டைரக்டர். பேசிப் பார்த்தேன். ஒட்டவில்லை. நாங்க என்றால் உதடு திறந்தே இருக்கும், நாம என்றால் ஒட்டும். திரையில் உன் உதடு ஒட்டிப் பிரிந்தது. அப்போதுதான் உன் கண்ணையும் பார்த்தேன். ஸ்கிரிப்டில் சொன்னபடி நான் தரையைப் பார்த்து நிற்கிறேன். நீ அவனைப் பார்க்கவில்லையடி. திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். "நாம சேர்ந்தே இருந்துக்கறோம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அப்புறம்தான் அவன் பக்கம் திரும்பி "நீ போ" என்கிறாய்.

தமிழ் தெரியாமல் சொன்னாயா, தெரிந்தேதான் சொன்னாயா? கேட்க நீ இல்லை. எனக்கு அழுகை பொங்கி வந்தது. "நாமன்னுதான் சார் இருக்கணும், மாத்தினா நான் பேச மாட்டேன்" என்றேன். டைரக்டர் அதை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சரி, அப்படியே பேசு" என்றார்.

"நாம சேர்ந்தே இருந்துக்கறோம்" என்பதை உனக்காகப் பேசிவிட்டேன். "நீ போ" மட்டும் வாயில் வரவே இல்லை. தண்ணீர் குடித்தேன், வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன், அப்புறமும் வரவில்லை. கடைசியில் அந்த இரண்டு வார்த்தைக்கு உன் குரலையே வைத்துவிட்டார்கள், ஹாரனோடு. படத்தில் உன் சொந்தக் குரல் அது மட்டும்தான். இந்தப் படம் எங்கே ஓடும், யார் பார்ப்பார்கள் என்று டைரக்டருக்கே தெரியாது.

சாயங்காலம் எங்கள் ஊர் ஊத்தங்கரைக்குப் போக கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறினேன். நீ உயிரோடு இருந்தவரை லீவுக்கு நான் தனியாக வீட்டுக்குப் போனதே இல்லை, நீயும் கூட வருவாய். குருபரப்பள்ளி தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து அம்மா போன் பண்ணினாள். "கெளம்பிட்டியாடி?"

"வந்துக்கிட்டே இருக்கோம்மா" என்றேன். 'இருக்கோம்' என்று சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. திருத்திச் சொல்ல மனசு வரவில்லை. அந்தப் பக்கம் அடுப்பில் ஏதோ தாளிக்கும் சத்தம் கேட்டது. என்னை "வாடி"யைத் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டு அறியாதவள், "சரி, பாத்து வாங்க" என்றாள்.