டிராம் கண்ணாடியில் மாமா

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கால் வீக்கம் வடிந்ததா? நான் நலம். மெல்பர்ன் மழையில் கண்ணை மூடினால் நம் செம்மண் மிதந்து வருகிறது.

நேற்று டிராம் கண்ணாடியில் மாமாவின் முகம் நீந்தி வந்தது. பயப்படாதே, எங்கள் சுகாதார அலுவலகச் சுவரொட்டிதான். "பூர்வகுடிகள் ஏன் சீக்கிரம் சாகிறார்கள்?" என்று நகரத்தைக் கேட்க, போன வருஷம் அவரைப் படமெடுத்தார்களே, அது. போன மாதம் நான் லீவு போட்டு ஊருக்கு வந்தது அவர் சாவுக்குத்தான் என்று இவர்களுக்குத் தெரியாது.

மேலாளர் கெய்ட்லினிடம் சொன்னேன்: "செத்துப்போனவங்க முகத்தப் பூர்வகுடிங்க நாங்க பாக்கக் கூடாது. பேரக்கூடச் சொல்ல மாட்டோம். எடுத்துடுங்க."

"ஐயோ, என்ன ஆச்சு அவருக்கு?"

"அதத்தானே நீங்களே எழுதி ஒட்டியிருக்கீங்க."

இன்று எல்லாவற்றையும் கிழித்துவிட்டார்கள். சுவர்கள் ஈரமாக, வெறுமையாக இருக்கின்றன.

ஊரிலிருந்து யாராவது உன்னைப் பார்க்க வந்தால், காய்ந்த எமுப் புதர் மருந்திலை ஒரு பிடி வாங்கி அனுப்பு. ஊர் வாசனைக்குத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்கிறேன். நம் ஊரில் சிறுநீரக மெஷின் இல்லாததால்தானே நீ ஊரை விட்டு அந்த டவுனில் கிடக்கிறாய், என்ன செய்ய? மாமா போல ஊர் ஏக்கம் தாங்காமல் டயாலிசிஸை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடாதே.

டிராம் வருகிறது. அவர் இடத்தில் ஒட்ட உன் படத்தைக் கேட்கிறார்கள். தர மாட்டேன் என்றுவிட்டேன்.

உன் மகள்,
ஜோலீன்