இடுப்பில் தங்கக் கடிகாரம்

லியோனில் இருக்கும் என் கணவருக்கு,

நீங்கள் விட்டுப்போன தங்கக் கடிகாரத்தை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு ஞாயிறன்று தேவாலயத்துக்குப் போனேன். ஜெனீவாவில் நகைக்குத் தடை என்று தெரிந்தேதான் போனேன். செவ்வாயன்று ஆடம்பரத் தடுப்பு மன்றத்தில் நிறுத்திவிட்டார்கள். தீர்ப்பு எதிராகப் போனால் கடிகாரமும் போகும், நம் கடிகாரப் பட்டறைச் சரக்கை வாங்கவும் ஆள் இருக்காது.

மன்றத் தலைவர் கொலாவன், "புருஷன் ஊர்ல இல்ல. யாருக்குக் காட்ட இந்த மினுக்கு?" என்றார்.

"இது நகை இல்லீங்க ஐயா, கடிகாரம். பத்து மணிக்கு வரச் சொன்னீங்க, வந்துட்டேன். நீங்கதான் கால் மணி நேரம் தாமதம்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கடிகாரம் நகையில் சேராது என்று தீர்ப்பானது. அதோடுதான் வீடு திரும்பினேன்.

மறுநாள் கொலாவனின் மனைவியே பட்டறைக்கு வந்தாள். "எனக்கும் ஒண்ணு வேணும். உன்னோடதவிடப் பெரிசா இருக்கணும்" என்றாள். அந்த வாரத்திலேயே இன்னும் ஏழு பெண்கள் வந்தார்கள்.

அங்கே நீங்கள் யார் வீட்டில் தங்கியிருக்கிறீர்கள் என்று ஊர் பேசுகிறது. நான் கேட்கவில்லை. பட்டறை வாசல் பலகையில் என் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறேன். திரும்பி வந்தால் உங்களுக்கு வேலை உண்டு. மற்றவர்களுக்குக் கொடுக்கும் கூலிதான்.

இப்படிக்கு,
பட்டறைக்காரி